தாழ்ப்பாள் எந்தப் பக்கம்?

கேள்வி: நெருக்கமான ஊரில், இரண்டு பக்கமும் வீடுகள் ஒட்டி நிற்கும் மனை எங்களுடையது. அகலம் 30 அடி, ஆழம் 60 அடி. முன்னால் 12 அடிச் சந்து. நான், கணவர், இரண்டு பிள்ளைகள், 74 வயது மாமியார். எங்கள் சந்தில் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் கிடையாது. பெரியவர்கள் சாயங்காலம் உட்கார ஒரு மர நிழல்கூட இல்லை. கட்டப்போகும் வீட்டில் ஒரு படிப்பறையும், உட்கார்ந்து பேச ஓர் இடமும் எல்லாருக்குமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. நடுவில் பெரிய முற்றம் விட்டு, அதை எல்லாரும் பயன்படுத்தட்டும் என்று நினைக்கிறேன். கணவரோ, "நாம் கட்டப்போவது வீடா, சத்திரமா?" என்கிறார். பிள்ளைகளின் தூக்கமும் அம்மாவின் ஓய்வும் கெட்டுவிடும் என்பது அவர் கவலை. ஒரே மனையில் இரண்டும் சாத்தியமா? பெயர் வேண்டாம்.

பதில்:

சாத்தியம்தான். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் கேட்ட கேள்வியைத் தடையாக நினைக்காதீர்கள். இந்த மாதிரி வீட்டுக்கு வரைபடம் போட உட்காரும்போது நான் முதலில் எழுதிவைப்பது அந்தக் கேள்வியைத்தான். அதற்கு வரைபடத்தில் பதில் இருந்தால் வீடு நிற்கும். இல்லாவிட்டால் உங்கள் நல்ல மனசு இரண்டு வருடம்கூடத் தாங்காது.

ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், நானே ஒரு முறை தவறியிருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்னால், பணி ஓய்வு பெற்ற ஒரு தம்பதி உங்களைப் போலவே கேட்டு வந்தார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு படிப்பறை வேண்டும் என்றார்கள். வீட்டின் நடுவில், முற்றத்தைப் பார்த்தபடி நல்ல வெளிச்சமாக அந்த அறையை வைத்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். கழிவறை மட்டும் வீட்டுக்குள், சமையலறையைத் தாண்டி இருந்தது. ஒரு பிள்ளை கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சாப்பாட்டு மேசையை ஒட்டித்தான் போக வேண்டும். சில மாதம் கழித்துப் போனபோது அந்த அம்மா சொன்னார்: "சாப்பிட உட்கார்ந்தால் யாராவது கடந்து போகிறார்கள். குழந்தைகள்தான், தப்பாக ஒன்றுமில்லை. ஆனாலும் தட்டோடு எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறோம்." 'இன்று வராதீர்கள்' என்று பிள்ளைகளிடம் சொல்ல அவர்களுக்கு வாய் வரவில்லை. அதனால் சாயங்காலமானால் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போக ஆரம்பித்தார்கள். அடுத்த வருடம் போனபோது அந்த அறையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

அந்தத் தம்பதியின் மனசில் குறையே இல்லை. பிள்ளைகளும் தொல்லை தரவில்லை. குறை என் வரைபடத்தில் இருந்தது. அறையைத் திறந்துவிடுவதற்கு வேண்டிய எல்லாவற்றையும் யோசித்தேன். யார் மனசும் நோகாமல் அதை மூடுவதற்கு ஒரு வழி வைக்கவில்லை. அன்றிலிருந்து இப்படிப்பட்ட வீடு எதுவாக இருந்தாலும் நான் முதலில் கேட்பது இதுதான்: நடுவில் இருக்கும் கதவுக்குத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம்? அதைப் போட்ட பிறகும் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எதுவும் குறையாமல் இருக்கிறதா? வெளிச்சம், தண்ணீர், கழிவறை, வெளியே போகும் வழி எல்லாம் அவர்களுக்கு அவர்கள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் நீங்கள் தாழ்ப்பாள் போடுவது யாருக்கும் அவமதிப்பாகத் தெரியாது. சொல்லப்போனால், போட்டதே தெரியாது.

இந்த அளவுகோலை வைத்து உங்கள் நடு முற்றத்தைப் பார்ப்போம். அதை விட்டுவிடச் சொல்வேன். உங்களுக்கு வருத்தமாக இருக்கும், தெரிகிறது. ஆனால் இரண்டு பக்கமும் சுவர் ஒட்டிய மனையில் முற்றம்தான் வீட்டின் நுரையீரல். நடு அறைகளுக்குக் காற்றும் வெளிச்சமும் அங்கிருந்துதான் வரும். எல்லா அறைக் கதவும் சன்னலும் அதைப் பார்த்துத் திறக்கும். அங்கே வெளியார் உட்கார்ந்தால் ஒவ்வொரு அறையிலும் திரை போட வேண்டிவரும். திரை போட்டுவிட்டால் முற்றம் எதற்கு?

கட்டடக் கலைஞர் சார்லஸ் கொரியா 1980களில் நவி மும்பையின் பேலாப்பூரில் வடிவமைத்த குடியிருப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஏழு வீடுகள், நடுவில் ஏறக்குறைய 8 மீட்டருக்கு 8 மீட்டரில் ஒரு பொது முற்றம். பலர் அதைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் பொது முற்றம் கேட்பார்கள். அங்கே அது எடுபடுவதற்குக் காரணம், அந்த முற்றம் ஒவ்வொரு வீட்டின் வாசலுக்கும் வெளியே இருக்கிறது. அதோடு, ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாகத் திறந்த இடம் தனியாகவும் உண்டு. பொது இடத்துக்காக யாரும் தங்கள் முற்றத்தை விட்டுக்கொடுக்கவில்லை. உங்களுக்கும் அதே கணக்குதான். நடு முற்றம் குடும்பத்துக்கு, சந்தை ஒட்டிய முன்பக்கம் எல்லாருக்கும்.

முன்பக்கத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். சந்திலிருந்து முதல் 6 அடி ஆழம் திண்ணையும் அதன் முன்வெளியும். அதற்குப் பின்னால் 18 அடி ஆழத்துக்குப் படிப்பறை. 30 அடி அகலத்தில் ஒரு பக்கமாக நாலரை அடி, குடும்பம் மட்டும் போய்வரும் நடைபாதை. சுவர்கள் போக மீதி 23 அடி. அதில் 16 அடி படிப்பறைக்கு, மிச்சம் கழிவறைக்கும் சாமான் அறைக்கும். 24 அடியில் பொது இடம் முடிந்துவிடுகிறது. பின்னால் இருக்கும் 36 அடியும் மேல்தளம் முழுவதும் உங்களுடையது. நடைபாதை போக, மனையின் ஐந்தில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவாகத்தான் பொதுவுக்குத் தருகிறீர்கள். வீட்டின் மொத்தப் பரப்பில் பார்த்தால் அதைவிட வெகு குறைவு. கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

திண்ணையில் கொஞ்ச நேரம் நிற்கிறேன். இந்த வீட்டின் உயிரே அதுதான் என்பது என் எண்ணம். படிப்பறைக்குள் வரச் சிலர் தயங்குவார்கள், திண்ணையில் உட்கார யாரும் அனுமதி கேட்பதில்லை. அது வீடும் இல்லை, தெருவும் இல்லை. வந்தவர் உட்காரலாம், எழுந்து போகலாம். உங்களுக்கும் அவரை உபசரிக்கும் கடமை கிடையாது. இரண்டு பக்கமும் கட்டுப்பாடில்லாத அந்த நிலைதான் அக்கம்பக்கத்துப் பழக்கத்தை வருடக்கணக்கில் காப்பாற்றும்.

ஆனால் அளவு தப்பினால் திண்ணை வெறும் மேடைதான். உயரம் 16 முதல் 18 அங்குலம். 20 தாண்டினால் முழங்கால் வலி உள்ளவர்கள் உட்காரவும் சிரமம், எழவும் சிரமம். உட்காருகிற ஆழம் 18 அங்குலம் போதும். ஒரு பகுதியை மட்டும் இரண்டரை அடியாக விடுங்கள், பிள்ளைகள் காலை மடக்கிக்கொண்டு உட்காருவார்கள், நடுவில் ஒரு பலகையும் வைத்துக்கொள்வார்கள். எழும்போது பிடித்துக்கொள்ள ஒரு தூணோ கைப்பிடியோ எட்டும் தூரத்தில் இருக்கட்டும். நேர்கோட்டில் நீளமாகக் கட்டாதீர்கள், பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மூலையில் மடக்கி, 'ட' வடிவில் போடுங்கள். மூலைக்கு இரு பக்கமும் உட்காருகிற இருவர் முகம் பார்த்துப் பேசலாம், பேச விருப்பமில்லை என்றால் இயல்பாக வேறு பக்கம் பார்க்கலாம். எட்வர்ட் ஹால் என்ற மானுடவியலாளர் 1960களில் மனிதர்கள் தங்களுக்கிடையே விடும் தூரங்களை வகைப்படுத்தினார். அதிகம் நெருக்கமில்லாதவர்கள் சகஜமாகப் பேசிக்கொள்ளும் தூரம் ஏறக்குறைய 4 அடியிலிருந்து 12 அடிக்குள் என்பது அவர் கணக்கு. எல்லா ஊருக்கும் இது ஒரே மாதிரி இருக்காது என்று அவரே சொன்னதுதான். ஆனாலும் இரண்டு இருக்கைகளுக்கு நடுவே எவ்வளவு விடலாம் என்று பார்க்க எனக்கு இது பயன்பட்டிருக்கிறது.

திண்ணை முழுவதும் உங்கள் மனைக்குள் இருக்க வேண்டும், ஓர் அங்குலம்கூடச் சந்தில் நீளக் கூடாது. மேலே மேல்தளத்தை மூன்றடி நீட்டினால் நிழலும் கிடைக்கும், மழைக்கும் ஒதுங்கலாம். மனைக்குள் எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், கூரை எவ்வளவு நீளலாம் என்பதற்கெல்லாம் உங்கள் ஊர்க் கட்டட விதி இருக்கும். குடியிருப்பு மனையில் பொதுப் படிப்பறை நடத்த அனுமதி தேவையா என்பதையும் அதே கையோடு எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அடுத்து படிப்பறை. 16 அடிக்கு 18 அடி என்றால் 288 சதுர அடி. மேசை நாற்காலி போட்டுப் படிக்க ஒருவருக்கு 20 சதுர அடியாவது வேண்டும், 14 பேர் வசதியாக உட்காரலாம். மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்தால் 25 பேர். அதற்கு மேல் கூட்டம் சேரும் எதையும் இங்கே நடத்தாதீர்கள். பெரிய கூட்டத்துக்கு 12 அடிச் சந்து தாங்காது.

தரையை சந்து மட்டத்திலிருந்து 6 அங்குலம் மட்டும் உயர்த்துங்கள். உங்கள் பகுதியில் தண்ணீர் தேங்கும் என்றால் அதற்கேற்ப உயரம் கூட்ட வேண்டியிருக்கும். சரிவுப் பாதைக்குப் பொதுவான கணக்கு 12க்கு 1. ஓர் அங்குலம் ஏற ஓர் அடி நீளம். 6 அங்குலத்துக்கு 6 அடி, அது திண்ணையின் முன்வெளியிலேயே அடங்கிவிடும். சக்கர நாற்காலியில் வருபவர் யார் கையையும் எதிர்பார்க்காமல் உள்ளே வந்துவிடலாம்.

சந்தைப் பார்த்த சன்னலைப் பெரிதாகவும் தாழ்வாகவும் வையுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. பிறர் வீட்டுப் பிள்ளைகள் வந்து உட்காரும் அறை, போகிற வருகிற எல்லார் கண்ணுக்கும் தெரிய வேண்டும். பெற்றவர்களுக்கு அதுதான் நிம்மதி, உங்களுக்கும் அதுதான் பாதுகாப்பு. அந்த அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளும் உள்ளறை எதுவும் வேண்டாம். சாமான் அறைக்கு வெளியிலிருந்து மட்டும் பூட்டு. சன்னலின் கீழ்விளிம்பைத் தரையிலிருந்து 18 அங்குலத்தில் நிறுத்தி, சுவர்த் தடிமனோடு சேர்த்து ஒன்றரை அடி ஆழமாகச் செய்தால் அதுவே உள்ளேயிருந்து ஓர் இருக்கை. புத்தகத்தோடு வரும் பிள்ளை முதலில் பிடிக்கிற இடம் அதுவாகத்தான் இருக்கும். வெளியே திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவருக்கும் உள்ளே படிக்கும் பேரனுக்கும் நடுவே ஒரு கம்பி மட்டும் இருக்கும். வெளியே போக இரண்டு வழி வையுங்கள், இரண்டு கதவும் வெளிப்பக்கம் திறக்கட்டும்.

கழிவறையைப் பற்றி என் கதையிலேயே பாதி சொல்லிவிட்டேன். கதவு முன்வெளியிலிருந்து திறக்க வேண்டும், திண்ணையில் இருப்பவர்களுக்கு நேர் எதிரே தெரியக் கூடாது. ஒரு சிறு மறைப்புச் சுவர் போதும். சக்கர நாற்காலி திரும்ப 5 அடி வட்டம் தேவை, அதற்கேற்ற அளவு. கை கழுவும் தொட்டியும் குடிதண்ணீர்க் குழாயும் அதன் வெளிச்சுவரில். இந்தப் பகுதியின் தண்ணீருக்கு ஒரு தனி அடைப்பானும், மின்சாரத்துக்குத் தனி இணைப்பும் கொடுத்துவிட்டால், இரவில் விளக்கு அணைக்க நீங்கள் எழுந்து வர வேண்டியதில்லை.

இனி உங்கள் கணவரின் கவலைக்கு நேராக வருகிறேன்: சத்தம்.

சுவரைப் பற்றிக் கவலைப்பட அவ்வளவு இல்லை. இருபுறமும் பூசிய 9 அங்குலச் செங்கல் சுவர் பேச்சுச் சத்தத்தை நன்றாகவே தடுக்கும். சத்தம் வருவது ஓட்டை வழியாக. ஒரு சுவரின் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அந்தச் சுவர் ஏறக்குறைய 20 டெசிபலுக்கு மேல் சத்தத்தைக் குறைக்காது. சாதாரணப் பேச்சே 60 டெசிபல் இருக்கும். அப்படியானால் 40 டெசிபல் உங்கள் பக்கம் வந்து சேரும். அமைதியான அறையில் என்ன பேசுகிறார்கள் என்பதே புரிகிற அளவு அது. மேலே காற்றோட்டத்துக்கு என்று விடும் ஒரு துவாரமே இதற்குப் போதும். அதனால் படிப்பறைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவரில் துவாரமே வேண்டாம். படிப்பறையின் காற்றோட்டத்தைச் சந்துப் பக்கத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரின் உங்கள் பக்கத்தில் மாடிப்படியும் சாமான் அலமாரியும் வரட்டும். அந்தப் பக்கத்தில் தரையிலிருந்து கூரை வரை புத்தக அலமாரி.

அந்தச் சுவரில் ஒரே ஒரு கதவு இருக்கலாம். கனமான கதவு, சட்டத்தைச் சுற்றி ரப்பர் பட்டை, அடியில் இடைவெளி தெரியாத நிலைப்படி. தாழ்ப்பாள் உங்கள் பக்கம் மட்டும். படிப்பறைக்கு வெளியே போகச் சொந்த வழிகள் இருப்பதால், இந்தக் கதவு நாள் முழுக்க மூடியிருந்தாலும் அங்கே யாருக்கும் எந்த வேலையும் நிற்காது. நீங்கள் போக விரும்பும்போது போகலாம். உங்கள் பிள்ளைகள் தங்கள் நண்பர்களோடு படிக்கப் போகலாம். வழி உங்கள் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மட்டும்.

பலர் யோசிக்காத ஒன்று, சத்தம் சன்னல் வழியாக வெளியே போய், மேலே உள்ள சன்னல் வழியாக உள்ளே வரும். ஒடுங்கிய சந்தில் எதிர்வீட்டுச் சுவரில் பட்டுத் திரும்பவும் வரும். எனவே படிப்பறைக்கு நேர் மேலே படுக்கையறை வேண்டாம். அங்கே உங்கள் கூடத்தை வையுங்கள், மாலையில் நீங்களும் விழித்திருக்கும் இடம் அது. படுக்கையறைகள் எல்லாம் முற்றத்துக்குப் பின்னால். படிப்பறையின் உள்கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை அடித்துவிடுங்கள். வெறும் சுவரும் பளபளத் தரையுமாக இருக்கும் அறை எதிரொலிக்கும். எதிரொலிக்கும் அறையில் ஒவ்வொருவரும் குரலை உயர்த்துவார்கள், அதைக் கேட்டு அடுத்தவர் இன்னும் உயர்த்துவார். 'சத்தம் போடாதீர்கள்' என்று எழுதி ஒட்டுவதைவிட அந்தப் பலகை நன்றாக வேலை செய்யும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் அது நீங்கள் செய்யும் மரியாதை. அவர்கள் சுவரும் உங்கள் சுவரும் ஒட்டித்தானே நிற்கின்றன.

கண்ணுக்குத் தெரியும் விஷயத்துக்கு வருவோம். உங்கள் நடைபாதை நேராக முற்றத்துக்குள் போனால், சந்தில் நிற்பவர் முற்றத்தின் கடைசிச் சுவர் வரை பார்த்துவிடுவார். கெய்ரோவில் 1648இல் கட்டப்பட்ட பைத் அல் சுஹைமி என்ற மாளிகை இன்றும் இருக்கிறது. நெருக்கமான பழைய நகரின் நடுவே, அழகான முற்றத்தோடு. தெருக்கதவைத் திறந்தால் முற்றம் தெரியாது, வழி மடங்கித்தான் உள்ளே போகும். விருந்தினர் அமரும் கூடங்கள் கீழே, குடும்பத்தின் அறைகள் மேலே. வருகிற விருந்தினர் பலராக இருந்தாலும் வீடு தன்னைக் காத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. உங்கள் நடைபாதையிலும் ஒரே ஒரு மடக்கு போதும்.

அந்த மடக்கில்தான் உங்கள் மாமியாருக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருக்கிறேன். குடும்பப் பகுதியின் தரையைச் சந்திலிருந்து 18 அங்குலம் உயர்த்துங்கள். 12க்கு 1 கணக்குப்படி 18 அடிச் சரிவு. படிப்பறையின் நீளமும் 18 அடிதான். அதனால் பக்கத்து நடைபாதையே படியில்லாத சரிவாகிவிடும், இருபுறமும் கைப்பிடியோடு அவர் மெதுவாக ஏறலாம். சரிவு முடியும் இடத்தில், பாதை மடங்குவதற்கு முன்னால், 5 அடிக்கு 5 அடி சமதளம் விடுங்கள். சமதளம் நடைபாதையைவிட அரையடி அகலம் என்பதால் அந்த இடத்தில் பின்பக்கச் சுவரைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்ளலாம். அங்கே சுவரோடு சேர்ந்த ஓர் இருக்கை. உட்கார்ந்தால் நடைபாதை வழியே திண்ணையின் ஒரு முனையும் சந்தின் ஒரு துண்டும் தெரியும். யார் வந்தார்கள், யார் போனார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கலாம். தெரிந்தவர் என்றால் ஒரு வார்த்தை பேசலாம். அலுத்துவிட்டால் எழுந்து, மடக்கைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் அவர் அறை. கூட்டத்தோடு இருப்பதா தனியாக இருப்பதா என்பதை ஒவ்வொரு சாயங்காலமும் அவரே முடிவு செய்துகொள்வார். யாரும் அழைத்துப்போய் உட்காரவைக்க வேண்டாம், யாரும் எழுப்பிக் கூட்டிவர வேண்டாம்.

மேல்தளக் கூடத்தின் சன்னல் எதிர்வீட்டுச் சன்னலுக்கு நேராக வந்துவிடக் கூடாது. 12 அடி தூரத்தில் இரண்டு குடும்பமும் நாள் முழுக்க ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பது இருவருக்குமே கஷ்டம். நடைபாதை அளவுக்காவது தள்ளி வையுங்கள், அல்லது கீழ்விளிம்பை உயர்த்துங்கள். துளைச்சுவரோ மரச் சட்டத் திரையோ போடலாம் என்று உங்கள் மேஸ்திரி சொல்லக்கூடும். நல்ல யோசனைதான். ஆனால் வெளிச்சம் அதிகமுள்ள பக்கத்திலிருந்து குறைவான பக்கம் தெரியாது, அதுதான் அதன் வேலை. பகலில் நீங்கள் வெளியே பார்க்கலாம், வெளியிலிருந்து உங்களைப் பார்க்க முடியாது. இரவில் விளக்குப் போட்டதும் இது அப்படியே தலைகீழாகும். உள்பக்கம் ஒரு துணித்திரையும் சேர்த்தே திட்டமிடுங்கள்.

இடத்தைப் பிரித்தாயிற்று, நேரத்தையும் பிரிக்க வேண்டும். ஸ்பெயினில் கோர்தோபா நகரத்து முற்றங்களைப் பற்றி உங்களுக்குச் சொல்ல ஆசை. மக்கள் குடியிருக்கும் வீடுகளின் முற்றங்கள் அவை. ஒவ்வொரு மே மாதமும் சுமார் இரண்டு வாரம் செடிகொடிகளால் நிறைத்து, ஊருக்கே கதவைத் திறந்துவிடுகிறார்கள். அதற்கான போட்டி 1921இல் தொடங்கியது, 2012இல் யுனெஸ்கோ அந்த விழாவைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு காலம் இது நீடித்ததற்கு, திறப்பதற்கு ஒரு காலமும் மூடுவதற்கு ஒரு காலமும் இருப்பது ஒரு முக்கியக் காரணம் என்று நான் நினைக்கிறேன். உங்கள் திண்ணைக்குக் கதவில்லை, அது எப்போதும் திறந்தது. படிப்பறைக்கு வாரத்தில் நான்கு நாள், மாலை இரண்டு மணி நேரம் என்று தொடங்குங்கள். குறைவாகத் தொடங்கிக் கூட்டுவது எளிது. ஏழு நாளும் திறந்துவிட்டுப் பிறகு குறைத்தால், கொடுத்ததைப் பிடுங்கியது போலாகிவிடும்.

இதற்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்வேன். படிப்பறை வாசலுக்கு மேலே ஒரு விளக்கு. அது எரிந்தால் வரலாம், எரியாவிட்டால் இன்று இல்லை. அவ்வளவுதான். யாரும் அழைப்புமணி அடிக்க வேண்டாம், நீங்கள் வந்து வாசலில் நின்று காரணம் சொல்ல வேண்டாம். வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றாலும், உங்களுக்கே மனசு சரியில்லை என்றாலும், விளக்கைப் போடாமல் இருந்துவிடலாம். பிள்ளைகள் சந்து முனையிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். நான் வடிவமைத்த ஒரு வீட்டில் விளக்கு எரியாத நாட்களில் பிள்ளைகள் திண்ணையிலேயே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். திண்ணைக்கும் தனியாக ஒரு விளக்கு கொடுங்கள் என்று அதற்குப் பிறகுதான் எல்லாரிடமும் சொல்ல ஆரம்பித்தேன்.

இன்னொரு கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து வருடத்தில் உங்கள் தேவை மாறும். பிள்ளைகள் வேறு ஊருக்குப் போகலாம், உங்களில் ஒருவருக்கு மாடி ஏற முடியாமல் போகலாம். டோக்கியோவில் ரியுவே நிஷிஸாவா வடிவமைத்து 2005இல் முடிந்த மொரியாமா வீடு இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரே வீடாகக் கட்டாமல், ஒரே மனையில் பத்துத் தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்து, நடுவே சின்னச் சின்னத் தோட்டங்கள். உரிமையாளர் சிலவற்றில் வாழ்ந்துகொண்டு மற்றவற்றை வாடகைக்கு விடலாம், வேண்டும்போது திருப்பிக்கொள்ளலாம். தெருவுக்கும் தோட்டத்துக்கும் நடுவே மதில் இல்லை. உங்கள் மனையில் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் தனி வழி, தனிக் கழிவறை, தனி மின் இணைப்பு உள்ள உங்கள் படிப்பறையும் அதே மாதிரிதான். ஒரு சமையல் மேடைக்கு வேண்டிய குழாயை மட்டும் சுவருக்குள் இப்போதே விட்டுவைத்தால், நாளைக்கு அது படி ஏறாத ஒரு சிறு வீடு. 'எது நடந்தாலும் இந்த அறை நமக்கு வீணாகாது' என்பது உங்கள் கணவருக்குப் பெரிய ஆறுதலாக இருக்கும்.

வரைபடத்துக்குப் பணம் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு வேலை செய்யுங்கள். முதலாவது, இரண்டு பக்கத்து வீட்டாரிடமும் எதிர்வீட்டாரிடமும் நேரில் போய்ச் சொல்லுங்கள். அனுமதி கேட்பதாக வேண்டாம், உங்கள் எண்ணத்தைச் சொல்லி, அவர்களுக்கு என்ன சிரமம் வரும் என்று கேளுங்கள். சைக்கிள்கள் எங்கே நிற்கும் என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வரும். ஒரு சைக்கிளுக்கு 6 அடி நீளம், 2 அடி அகலம் வேண்டும். முன்வெளியில் நாலைந்துக்கு மேல் நிற்காது. மற்றவர்கள் நடந்துதான் வர வேண்டும், அதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இரண்டாவது, ஒரு சாயங்காலம் கணவரையும் மாமியாரையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மனைக்குப் போங்கள். சுண்ணாம்புப் பொடியும் கயிறும் எடுத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன அளவில் திண்ணையையும் படிப்பறையையும் நடைபாதையையும் தரையில் கோடு போடுங்கள். அந்த ஒரே கதவு வரும் இடத்தில் இரண்டு செங்கல் வையுங்கள். பிள்ளைகளைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் சத்தமாகப் பேசிச் சிரிக்கச் சொல்லுங்கள். சுவர் இல்லை, எல்லாம் கேட்கத்தான் செய்யும். பரவாயில்லை, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரிந்தால் போதும். மாமியாருக்கு அந்தச் சமதளம் வரும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்து, சந்து தெரிகிறதா என்று கேளுங்கள். கணவரை உங்கள் படுக்கையறை வரும் இடத்தில் நிற்கச் சொல்லி, கதவை எங்கே வைத்தால் அவருக்குச் சரிப்படும் என்று கேளுங்கள். அவர் சொல்கிற இடத்துக்குச் செங்கலை நகர்த்துங்கள்.

செங்கல் கடைசியாக எங்கே நின்றது என்று அளந்து எனக்கு எழுதுங்கள். படிப்பறை 18 அடியிலிருந்து 15 ஆகக் குறைந்திருந்தாலும் ஒன்றும் மோசமில்லை, 12 பேர் உட்காரலாம். சரிவுக்கு மட்டும் 18 அடி நீளம் அப்படியே வேண்டும், அதைக் குறைக்காதீர்கள்.